தூணில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்

அந்த வியாழக்கிழமை விமான நிலைய எடைமேடைக்கு முன்னால் யாரோ வந்து நின்றபோது மரேவே தலையை நிமிர்த்தாமலே, "இன்னைக்கு விமானம் போகலை," என்றாள். காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் சலித்திருந்தது.

"அது தெரியும்டி. வெளியில மூக்கைத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்குதே, எனக்கென்ன கண்ணா இல்லை? நான் எடை பார்க்க வந்தேன்."

தெபோயா. சுருக்கம் வைத்துத் தைத்த புது ரவிக்கை, கையில் ஒரு கம்பு. இடது காலை முழங்கால்வரை துணியால் சுற்றி, அதன்மேல் அரிசிப் பையை மாட்டிக் கட்டியிருந்தாள். அந்தக் காலிலிருந்து ஒரு வாடை வந்தது.

பக்கத்துப் பெஞ்சில் மீன் ஐஸ்பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த இயோபு ஒரு கண்ணைத் திறந்தார். "பாருங்கப்பா, விமானத்தைக் கவுத்தவளே வந்துட்டா. இனி அது பறந்த மாதிரிதான்."

"நீ ஏறினா பறக்குற விமானமும் கவுந்துடும் இயோபு. முதல்ல வயித்தைத் தனியா கப்பல்ல அனுப்பிட்டு அப்புறம் வா."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இயோபுவும் சிரித்தார்.

"அடுத்த வாரமாவது போகுமா?" தெபோயா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெரியலைக்கா. பிரிஸ்பேன்லேருந்து ஒரு சாமான் வரணுமாம்."

"அடுத்த வாரம் ஆகாது. திங்கக்கிழமை எடுக்கணும்ங்கிறார் டாக்டர்."

"எதை?"

"எதைன்னு கேக்குறா பாரு. காலைத்தான். எடுத்துட்டா எடை குறையும், உங்களுக்கும் லாபம்தான்."

மரேவே பேனாவை மூடித் திறந்தாள். "ஆபரேஷன் முடிஞ்சு ஆறின பிறகு தமானாவுக்குப் போகலாமேக்கா. இப்பவே எதுக்கு?"

"ஓடுபாதையிலேருந்து எங்க அண்ணி வீட்டுக்கு நடந்து போகணும். யாரோ தூக்கிட்டுப் போய் வாசல்ல இறக்கி வச்சா, அது பாவப்பட்டுக் கொடுத்ததாகிடும். நான் பாவத்துக்குக் கேக்கப் போகலை. ரெண்டு கால்ல போய், உட்கார்ந்து, முறையா கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"தூண்ல தொங்குதே, அந்த லைஃப் ஜாக்கெட். அதைத் திருப்பிக் கேக்கணும்."

இயோபு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"சரக்குக் கப்பல் ஒண்ணு சனிக்கிழமை தெற்கே போகுதுக்கா," என்றாள் மரேவே.

"அதையும் டாக்டர்கிட்ட கேட்டாச்சு. கப்பல்ல ஏறினா காலோட சேர்ந்து நீயும் போய்ச் சேருவேங்கிறார். தமானாவுக்கு இல்லை." கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, எடைமேடையின் விளிம்பைப் பிடித்து ஏறி நின்றாள். "எல்லாரையும் இதுல ஏத்தி நிறுத்தினவ நான். என்னை யாரும் ஏத்தினதில்லை. முள்ளு எங்க நிக்குது?"

"சொல்ல மாட்டேன்."

"நல்ல பொண்ணு," என்று சொல்லி இறங்கினாள் தெபோயா.

எடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அவள் கொண்டுவந்த வழக்கம். முள் உள்பக்கமாகத் தெரியும்படி மேடையைத் திருப்பிப் போட்டவளும் அவள்தான்.

தெபோயாவின் கதை தலைநகரத் தீவான தராவாவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது பாதி. மீதியை, அந்த எடைமேடைக்குப் பக்கத்தில் அவளோடு வேலை பார்த்த காலத்தில், விமானம் வராத பகல்களில், மரேவே துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்திருந்தாள். விமானம் வராத பகல்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

தெபோயா தமானாக்காரி. தெற்குக் கோடியில் கிடக்கும் தீவு அது. மற்றத் தீவுகளுக்கு இருப்பதுபோல உள்காயல் அதற்குக் கிடையாது. பாறைத் திட்டைத் தாண்டிக் காலை வைத்தால் நடுக்கடல்தான். அப்பா தென்னங்கள்ளு இறக்குகிறவர். மிஷன் பள்ளியில் படிக்கத் தராவாவுக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். அரசாங்கம் நாட்டுக்கென்று ஒரு ஜெட் விமானத்தை வாடகைக்கு எடுத்த வருஷம், பணிப்பெண் வேலைக்குப் பள்ளியிலிருந்து பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். தெபோயா மட்டும் வந்தவர் முகத்தைப் பார்த்து, "விமானம் விழுந்தா யாரு பொறுப்பு?" என்று கேட்டாளாம். எடுத்துக்கொண்டார்கள்.

விமானக் கம்பெனிக்கு எய்டெய் என்று பெயர் வைத்தார்கள். நாட்டுக் கொடியில் உதிக்கும் சூரியனுக்கு மேல் சிறகை விரித்துப் பறக்கிற கடற்பறவையின் பெயர். அதே பறவையை விமானத்தின் வாலிலும் எழுதச் சொன்னார்கள். எழுதியவன் எங்கோ வெளியூர்க்காரன், அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தவனில்லை. அலகைக் குட்டையாகவும் வயிற்றைப் பெரிதாகவும் போட்டுவிட்டான். விமானம் முதல்முறை வந்து இறங்கியதும், வேலியோரம் நின்ற கூட்டத்தில் ஒரு கிழவி, "கோழி!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கோழிதான். "கோழி வந்துடுச்சா?" "கோழி இன்னைக்குக் கூவுமா?" மந்திரிகள்கூட வானொலியில் எய்டெய் என்றும் வீட்டில் கோழி என்றும் சொன்னார்கள்.

கேலி செய்தாலும் அது அவர்களுடைய கோழி. அதில் பிஜிக்குப் போக ஏறிய கிழவர்கள் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நடைபாதையில் பாயை விரித்துச் சம்மணம் போட்டார்கள். சேப்பங்கிழங்குக் கூடைகள் கால்களுக்கு இடையில் வந்தன. யாரோ கொண்டுவந்த புளித்த கள்ளு உயரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, ஒரு பாதிரியாரின் வெள்ளைச் சட்டையை நனைத்தது. தெபோயா இரண்டு மொழியிலும் அறிவிப்புச் சொல்லுவாள். ஆங்கிலத்தில் சொல்லும்போது எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். சொந்த மொழியில் தொடங்கியதும் ஊர்க்கூடத்தில் பெரியவர் பேசுவதுபோல மரியாதையாகக் கேட்டு, முடிந்ததும் கை தட்டுவார்கள்.

பிறகு கேட்க ஆரம்பித்தார்கள்.

புபூசி என்பதைக் கடன் என்று சொல்ல முடியாது, பிச்சை என்றும் சொல்ல முடியாது. உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வருவார், பாயில் உட்காருவார், மழை, மீன், நோய்நொடி எல்லாம் பேசி முடிப்பார். பிறகு, "உன்கிட்ட ஒரு புபூசி," என்பார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் அவ்வளவுதான். கேட்டது வலையோ, சைக்கிளோ, பெற்ற பிள்ளையோ, கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொன்னவள் அதற்கப்புறம் ஊர்க்கூடத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவாள்? கொடுத்தவள் நாளைக்கு அவரிடமே போய் வேறொன்றைக் கேட்கலாம், தப்பில்லை. கொடுத்ததையே திருப்பிக் கேட்பதுதான் ஆகாது. அது கக்கியதை எடுத்துத் தின்பது மாதிரி.

கோழியிலிருந்து முதலில் தலையணைகள் போயின. பிறகு போர்வைகள், கரண்டிகள், தேநீர்க் குடுவைகள். யாரும் திருடவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள். கம்பெனி மேனேஜர் தாவிதாவின் வீட்டிலேயே குடும்பம் மொத்தமும் கோழிப் போர்வையில்தான் தூங்கியது. ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் மாமியார் ஏறத் தவறிவிட்டாள் என்று, ஓடுபாதையில் திரும்பிய விமானத்தை நிறுத்தி ஏணியை மறுபடி போட்டார்கள். அந்த அம்மாள் ஆற அமர ஏறி, எல்லோருக்கும் மௌரி என்று வணக்கம் சொல்லி, ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அப்ப யாருக்கும் பயமா இல்லையாக்கா? கம்பெனி தாங்குமான்னு?" என்று மரேவே ஒருநாள் கேட்டாள்.

"கம்பெனிங்கிறது யாருடி? உனக்குத் தெரிஞ்ச ஆளா? எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் கேக்க வந்தவங்கதான்."

தெபோயாவின் அண்ணன் பௌரோ மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதது அந்தக் காலத்தில்தான். எஞ்சின் நின்றிருக்கும். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. துக்கத்துக்குத் தமானா போனவளை, பந்தி முடிந்ததும் அண்ணி எரிமா தனியாகக் கூப்பிட்டாள். மடியில் பௌரோவின் ஒரே பிள்ளை தெகாய் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இவனும் கடலுக்குத்தான் போவான். வேற எங்க போவான்? உங்க விமானத்துல சீட்டுக்கு அடியில மஞ்சளா ஒண்ணு இருக்குதாமே, போட்டுக்கிட்டா முங்க மாட்டாங்களாமே. தெபோயா, உன்கிட்ட புபூசி. இவனுக்கு ஒண்ணு."

அண்ணன் செத்த வீட்டில், அண்ணன் மனைவி கேட்ட புபூசி. தெபோயா கொடுத்தாள். பின்வரிசை இருக்கைக்கு அடியில் அது இருந்த பை காலியாகத் தெரியக் கூடாது என்று, தாழம்பாய் ஒன்றை மடித்து அதில் திணித்துவைத்தாள்.

எரிமா சும்மா இருந்திருக்கலாம். மஞ்சள் சட்டையை ஊருக்கெல்லாம் காட்டினாள். அடுத்த முறை தெபோயா ஊருக்குப் போனபோது, கடலில் ஆளைப் பறிகொடுத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவளுக்கு எப்படி இல்லை என்பது? எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அவர்கள் பிள்ளைகளும் பாறைத் திட்டுக்கு வெளியேதான் போகிறார்கள். பின்வரிசையில் தொடங்கிய பாய் மடிப்பு சிறகுவரை வந்துவிட்டது. ஒவ்வொரு பயணத்திலும் நடைபாதையின் நடுவில் நின்று, "உங்கள் லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் உள்ளது," என்று அவள்தான் சொன்னாள். சொல்லும்போது பின்வரிசைகளைப் பார்க்க மாட்டாள்.

பிஜியில் சோதனைக்கு ஆள் வந்தார். தன்மையான மனிதராம். குனிந்து ஒரு பையை இழுத்து, பொத்தானைத் திறந்து, உள்ளே இருந்ததை விரித்துப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"பாய்," என்றாள் தெபோயா.

"எதுக்கு?"

"உட்காருறதுக்கு."

தன்னைக் கேலி செய்கிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி இல்லை என்று தெரிந்ததும் அடுத்த இருக்கைக்குக் குனிந்தார். அதிலும் பாய். அதற்கு அடுத்ததிலும். கேப்டன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். தாழை ஓலை வாசம் விமானம் முழுக்க வந்தது என்று தெபோயா சொல்லுவாள். "எங்க வீடு மாதிரி மணந்துச்சுடி. அதுதான் எனக்கு ஞாபகம்."

கோழி அங்கேயே நின்றது. திரும்ப வேண்டியவர்கள் சரக்குக் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தார்கள். பறக்காத விமானத்துக்கும் வாடகை ஓடிக்கொண்டிருந்தது, தர முடியவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். போவதற்கு முன்னால் வாலில் வெள்ளை அடித்துவிட்டார்கள். அந்தப் போட்டோ ஊருக்கு வந்தபோது, கோழி என்று முதலில் கத்திய கிழவி அழுதாள்.

விசாரணையில் தெபோயாவிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். "யார் யாருக்குக் கொடுத்தே?"

"யாருக்கும் கொடுக்கலை. நான்தான் எடுத்தேன்."

"எடுத்து என்ன பண்ணினே?"

"தொலைஞ்சு போச்சு."

புபூசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும். ஆனால் சொன்னால் பெயர் கேட்பார்கள். பெயரைச் சொன்னால் செத்தவர் வீடுகளுக்குப் போலீஸ் போகும். மேனேஜர் தாவிதா விசாரணை முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் போர்வைகளைப் பற்றிக் கேள்வி வரும். தீவுகளுக்குள் பறக்கிற சிறிய விமானங்களுக்கு ஆளையும் மூட்டையையும் நிறுத்துப் பார்க்கிற எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு தராவாவில் எது நடந்தாலும் அவள் தலையில்தான் விடிந்தது. பிஜிக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டியவர் இங்கேயே செத்தால் அவளால். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை கிறிஸ்துமஸுக்கு வராவிட்டால் அவளால். பஸ்ஸில் அவள் ஏறினால், "டிரைவர், சீட்டுக்கு அடியில ஒருவாட்டி பார்த்துக்கோ," என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் சிலருடைய அக்கா தங்கைகள் வீட்டில் மஞ்சள் சட்டை இருந்தது. தெபோயாவுக்கு அது தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

அவளுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. கப்பலில் வேலை செய்தவன், ஏதோ ஒரு துறைமுகத்தில் தங்கிவிட்டான். எரிமா தெகாயைப் படிக்கத் தராவாவுக்கு அனுப்பினாள், தெபோயாதான் வளர்த்தாள். சின்ன வயதில் அவன், அத்தை விமானத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டிய செயல்விளக்கத்தை அப்படியே செய்து காட்டுவான். புதுவருஷத்துக்கு ஊர்க்கூடத்தில் பையன்கள் ஆடிப் பாடி முடித்ததும், "தெகாய், கோழியை ஓட்டு!" என்று கூட்டம் கேட்கும். அவன் லுங்கியைக் கழுத்தில் மாட்டி, நாடாவை இடுப்பைச் சுற்றி இழுத்துப் பக்கத்தில் முடிந்து, சிவப்புக் கயிற்றை இழுப்பதுபோலக் காட்டி, கன்னத்தை உப்பவைத்து, "விமானத்துக்கு உள்ளே இருக்கும்போது ஊதாதீர்கள்," என்று தெபோயாவின் குரலிலேயே சொல்லுவான். கூட்டம் உருண்டு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சட்டை போடுவதில் அவனுக்கு ஒரு தப்பும் வராது என்று மரேவேயிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

படிப்பு முடிந்தும் வேலை கிடைக்கவில்லை. தெகாய் தமானாவுக்குத் திரும்பினான். மீன்பிடித்தான்.

அவன் படகு வரவில்லை என்று வானொலியில் செய்தி வந்தபோது, எய்டெய்க்கு மிச்சமிருந்த சிறு விமானங்கள் இரண்டும் தரையில் நின்றன. ஒன்றைக் கழற்றி மற்றதுக்குப் போடப் பார்த்து, இரண்டையுமே பாதியாக்கி வைத்திருந்தார்கள். மேலேயிருந்து தேட எதுவும் இல்லை. தெபோயா எடைமேடையை விட்டுப் போய்ப் பழுதுபார்க்கும் கொட்டகை வாசலில் நின்றாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மெக்கானிக்குகள் அவளைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான், "கோழி இருந்திருந்தா இந்நேரம் ஒரு சுத்துப் போட்டுத் தேடியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

"எனக்கு அப்பவும் நம்பிக்கை இருந்துச்சு மரேவே," என்று தெபோயா பின்னால் சொன்னாள். "சட்டை இருக்குல்ல, மிதந்துக்கிட்டு இருப்பான், யாராவது கொரியாக்காரன் கப்பல்ல தூக்கிடுவான்னு. அப்படி வந்தவங்க இருக்காங்களே."

விமானம் ஒருவழியாகச் சரியாகித் துக்கத்துக்கு அவள் தமானா போனபோது, எரிமா வீட்டு நடுத்தூணில் அந்தச் சட்டை தொங்கியது. தண்ணீரே படாத மஞ்சள். மடிப்புக் கலையவில்லை. மேலே பிளாஸ்டிக் பை மாட்டி, பைக்கு மேல் சிப்பி மாலை ஒன்றும் போட்டிருந்தது.

"அண்ணி, இது ஏன் இங்க இருக்கு?"

"எது? அதுவா. எங்க போகும், பத்திரமாத்தானே வச்சிருக்கேன்." எரிமா அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாள். ஆனாலும் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வந்தது. "மத்த வீட்டுல எல்லாம் பசங்களை எடுத்துட்டுப் போகவிட்டு உப்புல ஊறி நாறிப்போச்சு. ஒருத்தி எலிக்குக் கொடுத்துட்டா. நான் ஒரு சொட்டுத் தண்ணி படவிடலை."

"தெகாய் கேக்கலையா?"

"கேட்டான். ஒருவாட்டி கேட்டான். அத்தை கொடுத்தது, விமானத்துச் சாமான், அதைப் போய் மீன் நாத்தத்துல கொண்டுபோவியாடான்னு திட்டினேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்." பிறகு கேட்டாள், "நல்லா வச்சிருக்கேன்ல?"

"நல்லா வச்சிருக்கீங்க அண்ணி," என்றாள் தெபோயா.

ஒரு வாரம் அந்த வீட்டில், அந்தத் தூணுக்குக் கீழே படுத்தாள். கண்ணைத் திறந்தால் அதுதான். அதை எடுத்து ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் கொடுத்தவள் அவள். வாயைத் திறக்காமல் தராவாவுக்குத் திரும்பி வந்தாள். தென்னம்பாகைத் தண்ணீரில் கரைத்து நாள் முழுக்கக் குடிக்க ஆரம்பித்தாள். சர்க்கரை ஏறியது. கால்விரலில் வந்த புண் பாதத்துக்கு வந்தது. கால் போனாலும் பரவாயில்லை, மானம் போனாலும் பரவாயில்லை, அந்தச் சட்டையைக் கேட்டே தீருவது என்று அவள் முடிவெடுத்து வந்த வியாழக்கிழமைதான், விமானம் மூக்கைத் திறந்து போட்டுக்கொண்டு நின்ற அந்த வியாழக்கிழமை.

வெள்ளியும் சனியும் சாமான் வரவில்லை. திங்கட்கிழமை காலை எடுத்தார்கள். எடுத்தும் நிற்கவில்லை, சீழ் மேலே ஏறியது. பிரிஸ்பேனிலிருந்து பெட்டி வந்து சேர்ந்த அன்று தெபோயாவுக்கு நினைவு இல்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது வேறு ரக விமானத்தின் சாமான்.

அவளைத் தராவாவிலேயே, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் நிலத்தில், அவரிடம் கேட்டு வாங்கிய இடத்தில் புதைத்தார்கள். இயோபு வந்து குழி வெட்டினார். வெட்டும்போது ஒரு கேலியும் பேசவில்லை.

தமானாவுக்கு இப்போது விமானம் இல்லை. இருக்கிற ஒன்று பக்கத்துத் தீவுகளோடு திரும்பிவிடுகிறது. அங்கே ஓடுபாதையில் கொப்பரை காயப்போடுகிறார்கள் என்று கேள்வி. சரக்குக் கப்பல் எப்போதாவது போகிறது. மரேவே இரண்டு முறை துறைமுகம்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். கடைக்காரனிடம் மீதிச் சில்லறையைக் கேட்கவே வாய் வராதவள் அவள். முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய், பாயில் உட்கார்ந்து, புருஷனும் பிள்ளையும் திரும்பாத ஒருத்தியிடம் அவளிடம் மிச்சமிருக்கிற ஒரே பொருளை எப்படிக் கேட்பாள்? தெற்கேயிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், எரிமா பழைய பிளாஸ்டிக் பை கிழிந்துவிட்டது என்று புதுப் பை மாட்டியிருக்கிறாளாம்.

கால் எடுப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து மரேவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தெபோயா கட்டிலில் இல்லை. தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரில் இன்னொரு பாயும் விரித்துவைத்திருந்தாள்.

"உட்காரு," என்றாள். மழை வருமா என்று கேட்டாள். இந்த வாரம் சூரை மீன் கிடைத்ததா என்று கேட்டாள். இயோபுவின் வயிற்றை விசாரித்தாள். மரேவேக்கு அப்போதே புரிந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"பயப்படாதடி. நான் பிறந்ததிலேருந்து யார்கிட்டயும் கேட்டதில்லை. எல்லாரும் என்கிட்டதான் கேட்டாங்க. இதுதான் முதல்." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "மரேவே, உன்கிட்ட ஒரு புபூசி. தமானாவுக்குப் போ. எங்க அண்ணிகிட்ட உட்கார்ந்து பேசு, உடனே கேட்டுடாதே, முதல்ல அவ பேசட்டும். அப்புறம் அந்தச் சட்டையைக் கேளு. உனக்குன்னு கேளு, என் பேரைச் சொல்லாதே. கொடுத்ததும் அங்க நிக்காதே. யாரையாவது பிடிச்சுப் படகுல ஏறி, பாறைத் திட்டைத் தாண்டி வெளிய போயிடு. நாடாவைப் பக்கத்துல முடி. சிவப்புக் கயித்தை இழு. ரொம்பப் பழசு, காத்து இருக்காது, வாயால ஊது. தோள்கிட்ட ஒரு குழாய் இருக்கும். நல்லா ஊதிட்டுத் தண்ணியில விட்டுடு."